பென்சிலால் எழுதிய ஹிட்

எங்கள் ஊர் சாந்தா ரீத்தாவுக்கும் பக்கத்து ஊர் பல்மாருக்கும் நடுவே ஓர் ஆறும் எட்டுக் கிலோமீட்டர் கரும்புக்காடும்தான். ஆனால் பேஸ்பால் பருவம் தொடங்கிவிட்டால் இந்த ஊர்க்காரன் அந்த ஊரில் சவரம் செய்துகொள்ளக்கூட மாட்டான். கத்தி யார் கையில் இருக்கிறது என்ற பயம். நம் அணி காளைகள், அவர்களுடையது உடும்புகள். அவர்கள் பேருந்து வந்து நிற்கும்போது நம் சனங்கள் மைதான வாசலில் உடும்பு சூப் கொதிக்க வைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, உங்க ஆளுதான் உள்ள வேகுறான்" என்பார்கள். இதெல்லாம் விளையாட்டு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரியும்.

இந்த மைதானத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதுபவள் எர்லிந்தா. ஆரம்பத்தில் பார்வையாளர் நடுவே வேர்க்கடலை விற்றவள். விற்றுக்கொண்டே காகிதப் பைகளில் ஒவ்வொரு பந்தையும் குறித்து வைப்பாள். பழைய கணக்கர் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட, அவளை மேலே கணக்கர் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை.

அடித்தவன் முதல் தளத்தை எட்டிவிட்டால், அது அவன் திறமையா, பிடிக்க வேண்டியவன் கோட்டைவிட்டதா என்று தீர்மானிப்பது அவள் வேலை. திறமை என்றால் ஹிட், கோட்டைவிட்டால் பிழை. கூண்டிலிருந்து அவள் ஒற்றை விரலைத் தூக்கினால் ஹிட். எதுவானாலும் பேனாவால்தான் எழுதுவாள். "பென்சில் பயந்தாங்கொள்ளிக்கு" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை பல்மாரின் ஏவெனோர் பந்து வீசினான். வயது முப்பத்தொன்பது, முழங்காலில் கட்டு. ஏழு சுற்று முடிந்தும் நம் காளைகள் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. ஒன்பது சுற்றும் இப்படியே போனால் அவன் செத்த பிறகும் அவன் பெயர் நிற்கும். அதுவும் நம் மண்ணில், நம் கண் முன்னால்! மைதானத்தில் சூப் விற்றவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

எட்டாம் சுற்றில் நம் ஆள் அடித்த பந்து தரையில் உருண்டு நேராக யாதரிடம் போனது. இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் பையன். அந்தப் பருவத்தில் ஒரு பிழைகூடச் செய்யாதவன். பந்து கையுறைக்குள் போனது, வெளியே வந்து அவன் காலடியில் விழுந்தது. நம் ஆள் ஓடி முதல் தளத்தைத் தொட்டுவிட்டான்.

நாலாயிரம் பேர் எர்லிந்தாவின் கூண்டைத் திரும்பிப் பார்த்து "ஹிட்! ஹிட்!" என்று அலறினார்கள். அவள் விரல் ஒன்று மேலே போனது. மைதானம் அதிர்ந்தது. ஏவெனோர் கூண்டை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பந்தைக் கேட்டான். மீதி ஆட்டத்தில் யாரையும் அடிக்கவிடாமல் ஜெயித்தும் விட்டான். ஆனால் ஏட்டில் அந்த ஒரு ஹிட் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. எர்லிந்தா தன் வீட்டு முன்னறைக் கடையில், மக்காச்சோள மாவில் கறி வைத்து வாழையிலையில் பொதிந்த நாக்கதமால்களை ஆவியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். காளைகளின் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்ட ஒரு பையன் உள்ளே வந்தான். தொப்பியைத் தூக்கியதும் அவள் தெருவை எட்டிப் பார்த்தாள். யாதர்.

"உனக்கென்ன பைத்தியமா? பார்த்தா தோலை உரிச்சிருவாங்க!"

"அம்மா, அது பிழைம்மா. என் பேருல எழுதுங்க."

"பருவம் முழுக்கப் பிழையில்லாம ஆடுனா மெக்சிகோவுல எடுத்துக்குறோம்னு சொல்லியிருக்காங்களாமே?"

"சொல்லியிருக்காங்க. ஆனா ஏவெனோர் என் மாமனாரும்மா. திட்டியிருந்தாலும் தாங்கிருப்பேன். ராத்திரி சாப்பாட்டுல பெரிய துண்டை எடுத்து என் தட்டுல வெச்சாரு. என்னால முழுங்க முடியல."

ஆட்டம் முடிந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கணக்கர் தீர்ப்பை மாற்றலாம். அதாவது இன்று மாலை ஐந்து மணி வரை. அவள் வாய் திறப்பதற்குள் கறிக்கடை சிரிலோ நுழைந்தான். யாதர் தொப்பியை இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நாலு கொடு! இது யாரு?"

"சித்தி மகன். லியோன்ல இருந்து வந்திருக்கான்" என்றாள் எர்லிந்தா. பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"நேத்து வந்திருக்கணும்டா தம்பி!" சிரிலோ யாதரின் முதுகில் ஓங்கித் தட்டினான். "அந்தப் பல்மார்ப் பய கையில வெண்ணெய். எங்க ஆயாகூட முந்தானையில பிடிச்சிருப்பா. பிழைன்னு குருடனுக்கும் தெரியும். ஆனா எங்க அக்கா இருக்காளே, தங்கம்! இத்தனை வருஷம் அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு மாதிரி உக்காந்திருந்தா. நேத்துதான் நம்ம ஊரு பொண்ணாயிட்டா!"

காசை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். யாதர் தலை நிமிரவில்லை. எர்லிந்தாவுக்கு முகம் எரிந்தது. திருடியவளைப் பார்த்து ஊரே கை தட்டுவதைப்போல இருந்தது. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. உள்ளே போய் ஏட்டைப் பிரித்தாள். நீல மையில் ஓடிய வரிசையில் எட்டாம் சுற்றில் மட்டும் ஒரு சாம்பல் கீறல். பேனாவை விட்டுவிட்டுக் கை எப்போது பென்சிலை எடுத்தது என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் கைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"பின்வாசல் வழியாப் போ. ரெண்டு நாக்கதமால் எடுத்துக்க, வெறும் வயித்தோட ஆடாதே" என்றாள்.

அன்று இரண்டு மணிக்கு அதே மைதானத்தில் அதே அணிகள். முதல் பந்துக்கு முன் எர்லிந்தா ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நேற்றைய ஆட்டம், எட்டாம் சுற்று. ஹிட் என்று சொன்னது தவறு. அது பிழை. யாதர் செய்த பிழை."

மைதானம் வெடித்தது. பீர்க் குவளைகள் கூண்டின் கம்பிவலையில் வந்து மோதின. எதிரணி ஆட்கள் ஏவெனோரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருநாள் தாமதமாக, எதிரி மண்ணில், ஏச்சுக்கு நடுவே. தன் பெயரில் பிழை வாங்கிய யாதர்தான் எல்லாருக்கும் முன்னால் குதித்துக்கொண்டு ஓடினான்.

கூண்டுக்குக் கீழே சிரிலோ நின்று கத்தினான். "ஏய், நீ எந்த ஊருக்காரி?"

"இந்த ஊருக்காரிதான்டா! அதான் சொன்னேன்!"

"இனி உன் வாசல்ல கால் வெச்சா கேளு!"

சொன்னபடியே செய்தான். அவன் மட்டுமில்லை, அடுத்த மூன்று ஞாயிறும் நாக்கதமால் பாதிக்கு மேல் மிஞ்சியது.

அன்றைய ஆட்டத்தின் நான்காம் சுற்றில் நம் ஆள் ஓங்கி அடித்தான். யாதர் பாய்ந்தான், கையுறையின் நுனியில் பட்டுப் பந்து தெறித்துப் போனது. இந்தமுறை யாரும் அலறவில்லை. பல்மார் பயிற்சியாளர் குஸ்மான் இருக்கையை விட்டு வெளியே வந்தான். இருபத்திரண்டு வருடமாக அவளுடைய ஒவ்வொரு தீர்ப்புக்கும் முஷ்டியை ஆட்டிக்கொண்டு வருகிற மனிதன்.

எர்லிந்தா ஒற்றை விரலைத் தூக்கினாள். ஹிட்.

குஸ்மான் கூண்டை அண்ணாந்து பார்த்தான். பிறகு முஷ்டியை ஆட்டாமலே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

எர்லிந்தா அதைப் பேனாவால் எழுதினாள்.