உச்சிக்குப் போகாத நெய்த்தேங்காய்

மீனா, சரவணா, ஒருநாள் அப்பா என்றும் மறுநாள் பேபே என்றும் என்னைக் கூப்பிடுகிற பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தமிழ் உங்கள் காதில் ஏறுகிற அளவுக்குக் கண்ணில் ஏறாது என்று தெரியும். தடுக்குகிற இடத்தில் என்னிடம் கொண்டுவாருங்கள், வாசித்துக் காட்டுகிறேன். செங்கோட்டையில் இருக்கிற சொந்தக்காரர்களும், என்னைப் போல ஊரைவிட்டு வந்தவர்களும் படித்தால் படிக்கட்டும். நான் எட்டாவது வரை போனவன். ஜெனரேட்டரைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு மரையாகக் கழற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நம் யாங்கோன் தாமுவே வீட்டுக் கூடத்தில், தென்கிழக்கு மூலையில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு தேங்காய் தொங்குகிறதல்லவா? உங்களுக்கு அது பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. நான் மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்குள் வந்த முதல் வாரம், சட்னிக்கு வேண்டும் என்று அதை இறக்கி உடைத்துவிட்டேன். நல்ல தேங்காயை யாரோ வீணாக உயரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உங்கம்மா குளித்துவிட்டு வந்து மூலையைப் பார்த்தாள், அப்புறம் அம்மியைப் பார்த்தாள். கத்தவில்லை.

"அது வீட்டுக் காவல் நட் சாமியோடது. மலையில இருக்கிறவரு."

"மலையில இருக்கிறவருக்கு வீட்டுக்குள்ள எதுக்குத் தேங்காய்?"

"உங்க ஐயப்ப சாமியும் மலையிலதானே இருக்காரு? எங்கப்பா அவருக்கு நெய் ஊத்தினது வீட்டுலதான்" என்றாள். அவள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர்; பாதித் தமிழும் பாதி பர்மாவுமாகச் சொன்னாள். அந்தச் சட்னியை நான் ஒருவனாகத் தின்றேன். அதன்பிறகு பல வருஷம் அந்த மூலைப் பக்கம் என் கை போகவில்லை. தேங்காய் வற்றினால் மாற்றுவது அம்மா வேலை, அது அம்மா சாமி.

மீனா, உனக்கு ஒரு வயதில் நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்தால் வருஷம் தவறாமல் மாலை போட்டு வெறுங்காலோடு மலைக்கு வருகிறேன் என்று ஐயப்பனிடம் சொன்னேன். நீ பிழைத்தாய். வருஷாவருஷம் போய்வந்தேன். உனக்கு ஆறு வயதான கார்த்திகையிலும் மாலை போட்டேன், ஆனால் அந்தத் தடவை ஊருக்குப் போகத் தோது இல்லை. அந்த நேரம் பார்த்து, சின் மலைப்பக்கம் நட்மதாங் என்கிற பெரிய மலையடிவாரத்தில் ஒரு விடுதி ஜெனரேட்டரைச் சரிசெய்யக் கம்பெனி அனுப்பியது. இப்போது அந்தப் பக்கம் சும்மா போய்வர முடியாது. நான் சொல்வது வழி திறந்திருந்த காலம். மலை எங்கிருந்தாலும் மலைதானே என்று நானே முடிவுகட்டினேன். நம் அடுப்படியில் நீ நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், தேங்காய்க்குள் நெய் ஊற்றினாய். நான் அடைத்துக் கட்டினேன்.

என்னோடு வந்தவர் ஸோ லின், பட்டறைக் கூட்டாளி. அந்த மலைக்குக் கீழே பிறந்தவர். மாலை போட்டவனைச் சாமி என்று கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அதைக் கேலிக்கென்றே பிடித்துக்கொண்டார். "சாமி, ஸ்பானர். சாமி, பீடா வேணுமா?"

வேலை முடிந்த மறுநாள் விடியற்காலை ஏறினோம். புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி. வெறுங்கால் முதலில் எரிந்தது, பிறகு அது என் கால் என்பதே மறந்துபோனது. கொஞ்ச தூரத்தில் யாங்கோனிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் அடுப்பு மூட்டிக் கறி சுட்டுக்கொண்டிருந்தது, பாட்டில்களும் இருந்தன. இந்த நெய்யோடு அந்தப் புகையைத் தாண்ட எனக்கு மனசு வரவில்லை.

"வேற வழி இருக்கா?"

"வழி கிடையாது சாமி. காடு இருக்கு."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். கேட்டது நான்.

சபரிமலையில் நீ தொலைய நினைத்தாலும் தொலைய முடியாது. முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்து நடந்தால் போதும், கூட்டமும் சரணமும் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே எங்களுக்கு முன்னால் ஒரு காலடிகூட இல்லை. மரங்களில் பச்சைப் பாசி தாடி மாதிரி தொங்கியது. மிதித்தால் சத்தம் வரவில்லை. மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது, பிறகு எங்கள் மேலே வந்தது, பிறகு எங்கள் வழியாகப் போனது. அந்த வெள்ளைக்குள் திடீரென்று ஒரு மரம் நிறையச் சிவப்புப் பூ, யாரோ விளக்கேற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி. சரணம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. பயமில்லை, தூங்குகிறவர் வீட்டுக்குள் வந்துவிட்ட கூச்சம். குற்றாலத்துச் சாரலில் நனைகிறேனா, பர்மாவில் இருக்கிறேனா என்று கொஞ்ச நேரம் நிஜமாகவே தெரியவில்லை.

அப்போதுதான் ஸோ லின் சரிந்தார். பாசி மூடிய பாறை இடுக்கில் கால் மாட்டித் திருகிவிட்டது. நான் இழுத்து ஒரு மரத்தடியில் உட்காரவைத்தேன். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. மேகம் மூடியிருந்ததால் இறங்கவும் திசை தெரியவில்லை. மதியத்துக்கே திரும்பிவிடலாம் என்று சோறு கொண்டுவரவில்லை. நேரம் போகப் போக அவர் உதடு நீலமானது, பல் அடித்துக்கொண்டது. கேலி நின்றுபோனது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் பையிலிருந்து தேங்காயை எடுத்தேன்.

"வேணாம். அது சின்னப்பொண்ணோடது" என்றார்.

"பேசாம இருங்க."

மரத்தில் சாய்ந்தபடியே, உச்சி இருக்கும் என்று நினைத்த பக்கம் திரும்பிக் கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார். "மலைக்காரர்கிட்ட கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"வேணாம்னு சொல்லலையே."

பையில் கிடந்த ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினேன். நெய் மெழுகு மாதிரி உறைந்து, தேங்காயின் வடிவத்திலேயே வெள்ளையாக நின்றது. ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்து ஊட்டினேன். தேங்காயையும் கீறிக் கீறிக் கொடுத்தேன், நானும் தின்றேன். மீதி நெய்யை அவர் கை கால்களில் தேய்த்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் உதட்டில் நிறம் வந்தது, வாயும் வந்தது. மேகம் விலகியதும், கழற்றிவைத்திருந்த தன் பூட்ஸை நீட்டினார். "என் காலுக்கு இன்னைக்கு லீவு. நீங்க போடுங்க."

வெறுங்காலில் ஒருவரைச் சுமந்துகொண்டு அந்தப் பாறையில் இறங்க முடியாது. போட்டுக்கொண்டேன். குனிந்து நின்றேன்.

"சாமி, உங்க ஊர்ல மூட்டையைத் தலையிலதானே வைப்பீங்க? நான் எங்க ஏறணும்?"

"முதுகுல ஏறுங்கய்யா!"

இருட்டுமுன் அடிவாரம் வந்துவிட்டோம். உச்சியை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நெய் போய்ச் சேரவில்லை, செருப்பில்லா விரதமும் போனது.

வீட்டுக்கு வந்ததும் நீ ஓடிவந்தாய். "பேபே, என் நெய்யை மேல கொண்டுபோய் வச்சீங்களா?" கழுத்தில் மாலையோடு, "வச்சேன்மா" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை, இருமல் வந்தால், "என் நெய்தான் மலைமேல இருக்கே" என்று நீயே உன்னைத் தேற்றிக்கொள்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் நெய் மலைமேல் இல்லை. ஸோ லின் மாமா இன்றைக்கும் நம் வீட்டுக்கு வந்து உன்னைக் கேலி செய்கிறாரே, அவர் தின்றார். நீ பொய்யை நம்பி வளரக்கூடாது. நெய் இல்லாமலும் நீ நன்றாகத்தான் இருக்கிறாய், இருப்பாய்.

உங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. நான் திரும்பிய அந்த வாரமே அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு த்வாண்டேயில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாள். நான் கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு வந்தேன். வீட்டில் யாருமில்லை. மூலையில் தேங்காய் வற்றி, காம்பு காய்ந்து தொங்கியது. தாமுவே சந்தைக்குப் போய், காம்போடு இருக்கிற ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரம்மா மட்டையை உரிக்கட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். அம்மாவின் பெட்டியிலிருந்து சிவப்புத் துணி எடுத்துச் சுற்றி, முக்காலியில் ஏறி நின்று கட்டினேன். எந்த மந்திரம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. வேணாம்னு சொல்லாதவருக்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கட்டிமுடித்து, காதை ஒட்டிவைத்து, லேசாக ஆட்டிப்பார்த்தேன். உள்ளே தண்ணீர் நிறைய இருந்தது.