நாய்க்கு முளைத்த நாலாவது கால்

ஜெயசுதாக்காவுக்குக் கோணல் ஆகாது. கல்யாணப் பத்திரிகையில் எழுத்து நூலளவு சாய்ந்திருந்தாலும் கண்ணைச் சுருக்குவார். சோமனூர்த் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் பனியன் பிரிண்டிங் யூனிட்டில் பதினாறு வருடமாக டிசைனர். ஆர்டர் கொடுக்கும் பையர் கம்பெனி அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஃபிலிம் எடுத்துக் கொடுப்பார். அதை வைத்துத்தான் அச்சடிக்கும் ஸ்கிரீன் தயாராகும்.

வரும் படங்களில் பாதி அரைகுறை. ஸ்கேனில் காது வெட்டுப்பட்டிருக்கும், கோடு அறுந்திருக்கும். அக்கா யாரையும் கேட்காமல் சரிசெய்துவிடுவார். பாராட்டித்தான் மெயில் வரும், அதுவும் கம்பெனிக்கு. அவர் பெயர் எங்கள் காம்பவுண்டைத் தாண்டியதில்லை. அதில் அவரைவிட எனக்குத்தான் கோபம்.

போன மாதம் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. வெளிநாட்டுச் சிறுமி ஒருத்தி கிரேயானில் வரைந்த நாய். அதற்கு மூன்று கால்தான். அக்கா வழக்கம்போல நாலாவதைப் போட்டார். அதே நடுங்கும் கோடு, அதே பழுப்பு. வரைந்த பிள்ளையே தான் போட்டதென்று நம்பியிருக்கும். மற்ற கால்களையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரான நான் சாம்பிளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பையரின் உள்ளூர் ஆள் நிறத்தை மட்டும் பார்த்து ஓகே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை டேபிளில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டையில் தொங்கவிடும் அட்டைக்கான வாசகம் மெயிலில் வந்தது. அதைப் படித்தேன். விபத்தில் ஒரு காலை இழந்த தன் நாயைத்தான் அந்தச் சிறுமி வரைந்திருக்கிறாள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ... டேபிளை நிறுத்தச் சொல்லு கண்ணு, மொதல்ல நிறுத்தச் சொல்லு!"

அதற்குள் முன்னூறு சட்டைத் துண்டுகள் முடிந்திருந்தன. முன்னூறிலும் நாய் நாலு காலில் கம்பீரமாக நின்றது. முதலாளி ராஜவேல் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க, இந்தக் காலு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"நாந்தானுங்க போட்டேன். என்ற தப்புங்க."

என் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு முறை மூடிக்கொண்டேன். மூன்றாவது முறைதான் சொன்னேன். நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. முதலாளி அக்கா பக்கமே திரும்பினார்.

"மிச்சத் துணி இந்தக் கெட்டுப்போன முன்னூறுக்குப் பதிலாத்தானுங்க வரும். அதுவும் போச்சுன்னா ஆர்டரே போச்சுங்க. ஒரு மணி நேரத்துல புது ஃபிலிம் வேணும். மறுக்கா படத்துல எதையாச்சும் திருத்தினீங்கன்னா, நாளைக்கிருந்து வர வேண்டாமுங்க."

நான் மதுரைப் பக்கத்துக்காரி. இந்த ஊர் மரியாதையில் சொன்னால் வேலை போவதுகூட விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரித்தான் கேட்கிறது. அன்று அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"பக்கத்துலயே உக்காரு கண்ணு. என்ற கை எங்கியாச்சும் திருத்தப் போச்சுன்னா தட்டி உடு."

காது ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கை போனது, தட்டினேன். கண் இரண்டும் ஒரே பக்கம். மறுபடி தட்டினேன். பதினாறு வருடப் பழக்கம் ஒரு மணி நேரத்தில் விடுமா? அறுந்த வால் கோட்டில் மவுஸ் மூன்றாவது முறை போய் நின்றபோது, நான் தட்டும் முன்பே அவர் கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

புது ஸ்கிரீன் ஏறியது. முதல் துண்டில் அச்சு விழும்போது அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நாய் நிக்குதா கண்ணு? உழுந்துருச்சா?"

மூன்று காலும் அந்தப் பிள்ளை வைத்த இடத்திலேயே இருந்தன.

"நிக்குதுக்கா. அந்தப் புள்ள வரைஞ்சப்பவே நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு."