தட்டில் தெரிந்த வளையம்

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பிறந்து ஒன்பதே நாளான குழந்தையின் ரத்தத்தில் பூஞ்சை. வழக்கமான மருந்துகளுக்கு அது மசியவே இல்லை. அன்று காலை, அந்தப் பூஞ்சையை வளர்த்து மருந்து வில்லைகளை வைத்திருந்த சோதனைத் தட்டைப் பார்த்தால், கடைசி மருந்தைச் சுற்றி மட்டும் பூஞ்சை முளைக்காமல் பளிச்சென்று ஒரு வளையம்! போனில் சொல்ல மனம் வரவில்லை. மாடிப்படியேறி ஓடினேன். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த குழந்தையின் அப்பா பதறி எழுந்தார்.

“மருந்து கிடைச்சிருச்சுண்ணே!” என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினேன். நர்ஸக்கா மறித்தார்.

“ஏ புள்ள, அந்தப் பூஞ்சை கைவழியாத்தான் பரவுதுன்னு ஒனக்குத் தெரியாதா? மொதல்ல கையக் கழுவு!”

சோப்பு நுரையோடு மருந்தின் பெயரைக் கத்தினேன். திரும்பினால், பக்கத்துக் குழாயில் அப்பாவும் முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச்சொல்லி அவரை இன்னும் யாரும் கூப்பிடவே இல்லை.