கரண்ட் இல்லாத கிடார்

மைக் என் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. போன மாதம் இறந்துபோன கிடார்க்காரருக்கு, கந்தர்வக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் பழைய ரசிகர்கள் கூடி வைத்த நினைவுக்கூட்டம் அது. வந்திருந்த நாலைந்து பொம்பளைகளையும் மரியாதைக்கு முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் என்னைக் கூட்டிவந்த தம்பி. இன்னொரு பக்கம் கிடார்க்காரரின் சம்சாரம். ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசணும் என்று சொன்னதிலிருந்து மைக் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடையில் பேரைக் கூப்பிட்டாலே கையை மட்டும் தூக்குகிறவள் நான்.

"மைக் ஒண்ணும் கடிக்காதுக்கா," என்றான் தம்பி. "அவரு வாசிச்சா நெஞ்சு அதிரும்னு சொல்லிட்டுக் குடுத்துரு."

அதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைக்குப் பின்னால் கிடாரைத் தூக்கி வாசித்ததை ஒருத்தர் சொன்னார். மேடையில் முழங்காலால் வழுக்கிக்கொண்டே வந்ததை, தலை நரைத்த இன்னொருத்தர் செய்தே காட்டப்போனார். "மெதுவாப்பா, ஒனக்கும் சேத்துக் கூட்டம் போட வச்சுராத" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. என் பக்கத்திலிருந்த அந்த அம்மா மட்டும் யாரோ ஒரு ஆளைப் பற்றிக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு கச்சேரிக்கும் போனதில்லை என்று வந்ததுமே என்னிடம் சொல்லியிருந்தார்.

அவரிடம் சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. மைக்கில் சொல்ல வராது. சொல்லாமல் பஸ் ஏறவும் மனசில்லை.

தம்பி மைக்கை வாங்கி என் மடியில் வைத்தான். கரண்ட் போய்விட்டது.

எனக்கு மூச்சு வந்தது. ஜெனரேட்டர்காரரைத் தேடி ஆட்கள் வெளியே போக, நான் அந்த அம்மா பக்கம் சாய்ந்தேன்.

"எங்க ஊர்த் திருவிழாவுலயும் இப்படித்தாங்க, கச்சேரி நடுவுல கரண்டு போச்சு" என்று ஆரம்பித்தேன்.

அன்று நாங்கள் பொம்பளைகள் மத்தியானமே பாய் விரித்து, பறக்காமல் கல் வைத்து, மேடையை ஒட்டி இடம் பிடித்திருந்தோம். கரண்ட் போனதும் இளவட்டங்கள் விசிலடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பாட்டுக்காரர்களும் இறங்கிவிட்டார்கள். கிடார்க்காரர் மட்டும் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு வாசித்துக்கொண்டே இருந்தார். கரண்ட் இல்லாமல் அந்தக் கிடாரில் சத்தமே வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டு சுரண்டுகிற மாதிரி, முன்பாயில் இருந்தவர்களுக்கு மட்டும். பாயில் தூங்கிப்போன பிள்ளைகளைப் பார்த்து அதையும் இன்னும் குறைத்துக்கொண்டார். அந்த மனுசர் யாருக்காகவும் வாசித்த மாதிரி இல்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல அப்படித்தாங்க வாசிப்பாரு," என்றார். "பிள்ளைங்க முழிச்சிரும்னு ஒயரை மாட்டாம. நான் அரிசி பொடைச்சுக்கிட்டே கேப்பேன். இவங்க சொல்றதயெல்லாம் கேட்டு, இந்த மனுசனை நான் பாக்கவே இல்லையோன்னு இருந்துச்சு."

ஃபேன் சுற்றத் தொடங்கியது. மைக் என் மடியில் கிர்ரென்றது. கூட்டம் நடத்துகிறவர் எட்டிப் பார்த்து, "அம்மா பேசியாச்சுங்களா?" என்றார்.

"பேசிட்டாங்க," என்று மைக்கை என் மடியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினார் அந்த அம்மா.