தம்பியின் முதல் சாட்சியம்

என் தம்பி முதன்முதலாகக் காட்டிக்கொடுத்தது என்னைத்தான். அப்போது அவனுக்கு ஒன்றேகால் வயது, எனக்கு எட்டு.

பள்ளிவாசல்துறையில் எங்கள் வீட்டார் எல்லோரும் அந்த மாதங்களில் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்கூட வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மனம் வந்தால்தான் திரும்புவான். முந்தலில் இருந்த மாமி, அதாவது வாப்பாவின் அக்கா, நினைத்ததை அப்படியே சொல்லிவிடுகிறவர். “இவனுக்கு ஒண்டும் வெளங்குதில்ல. அடுத்த கிழமை நான் வாறன், புத்தளத்துக்குக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டுவம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமி வருகிற நாளும் வந்தது. உம்மா கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து ஆற வைத்திருந்தார். நான் விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கத்தான் போனேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி காலியாகிவிட்டது. உம்மாவின் காலடி கேட்டதும் அறைக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்தேன். பாயில் கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்த தம்பி அதைப் பார்த்தான். நான் கவலைப்படவில்லை. சாட்சிக்கு வாயும் இல்லை, மாமியின் கணக்குப்படி விளங்குகிற மூளையும் இல்லை.

“எங்க போனா இவ?” உம்மா பிரம்போடு வந்து சுவர்களைப் பார்த்துக் கேட்டார்.

தம்பி கரண்டியைப் போட்டான். கையை நீட்டி, ஒரு விரலால் நேரே என்னைக் காட்டினான். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்தான். உம்மா அலுமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “ம்ம்!” என்று ஓர் அதட்டல். மறுபடி விரல் என் பக்கம், கண் உம்மாவின் பக்கம். உம்மா குனிந்து என்னைக் காணும்வரை அந்தக் கை இறங்கவே இல்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. பிரம்புதான் விழுந்தது. “எனக்கா மகன் சொன்ன? எனக்கா சொன்ன?” என்று அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு உம்மா அழுதார்.

மாமி வந்தபின் உம்மா நடந்ததைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவன் பார்க்கத் தன் மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டார். உம்மா தேடத் தொடங்கியதுமே விரல் தலையணையைக் காட்டியது. மாமி விடவில்லை. உம்மாவை வெளியே அனுப்பி, கண்ணாடியைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுத் தானே கேட்டார்: “மகன், மாமிட கண்ணாடி எங்க?”

அவன் கையைத் தூக்கவில்லை. இது என்ன கேள்வி என்பதுபோல் மாமியையே பார்த்தான்.

மாமி தலையணையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். “அல்லாஹ்வே! ஒளிச்சது நானெண்டு இவனுக்குத் தெரியும். தெரியாத ஆளுக்குத்தான் காட்டுறான்! இவன்ட மூளைக்கு ஒண்டுமில்ல, என்ட வாய்க்குத்தான் டொக்டர் வேணும்!”

புத்தளத்துக்குப் போனோம்தான். ஆனால் கலியாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போலச் சிரித்துக்கொண்டு போனோம். பேச்சு மெல்ல வரும் என்றார் டொக்டர். அந்தப் பேச்சைக் கேட்க உம்மாவுக்கு அவசரமே இருக்கவில்லை.

அன்று மாலை கத்தாரில் வேலை செய்துகொண்டிருந்த வாப்பா டெலிபோன் கோல் எடுத்தார். “இண்டைக்கு மகன் கதைச்சான்” என்றார் உம்மா. குரல் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

நான் திடுக்கிட்டுப் போனேன். என் தம்பி ஒரு சொல்கூடப் பேசவில்லையே. வட்டிலப்பம் தின்றதைவிட இப்படிப் பொய் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.