நைலான் வந்தால் பள்ளிக்கூடம்

கொப்பரையில் மரப்பட்டை கொதிக்கிற வாடை, துவர்ப்பும் புகையுமாகத் தலைமுடியில் ஏறிவிட்டால் ரெண்டு முழுக்குக்கும் போகாது. அப்போதெல்லாம் தூத்துக்குடியில் எங்கள் கடற்கரைத் தெருவில் பருத்திநூல் வலைதான். உப்புத்தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க அதை அடிக்கடி பட்டைச் சாயத்தில் முக்கி மணலில் காயப்போட வேண்டும் என்பதால், அஞ்சாம் வகுப்பு முடித்த என்னை அந்த வேலைக்கென்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அழுதேன்.

"அழாத ளா. நைலான் வந்துட்டா பட்டை எதுக்கு, கொப்பரை எதுக்கு? வந்த மறுநா நீ ஆறாம் வகுப்புல இருப்ப, மாதா சத்தியமா" என்றார் அப்பா.

அதன்பிறகு கோயிலில் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் நைலான்தான். "ஊர்ப் பிள்ளைக பாவாட கேட்டு மெழுகுதிரி ஏத்தும், இவ வலை கேட்டு ஏத்துதா" என்று அம்மா சிரிப்பாள்.

ஒருநாள் மத்தியானம் அப்பா கொண்டுவந்தார், வலையாக அல்ல, வெள்ளையாக மினுங்கும் நூல்கண்டுகளாக. நுனியில் தீக்குச்சி வைத்தால் பருத்தி மாதிரிச் சாம்பலாகாமல் உருகி மணியாகத் திரண்டது. இழுத்தால் கொஞ்சம் நீண்டு, விட்டால் பழையபடி வந்தது. "தண்ணிக்குள்ளயே கெடந்தாலும் இத்துப்போவாது!" என்று அப்பா குதித்தார். அம்மா கொப்பரையைக் கவிழ்த்தாள். நான் பள்ளிக்கூடத்துப் பையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அப்பா அன்றைக்கே உட்கார்ந்து, பருத்திக்குப் போடுகிற அதே ஒற்றை முடிச்சைப் போட்டுக்கொண்டே போனார். காலையில் எடுத்து உதறினால், அந்த வழுவழுப்பு நூலில் முடிச்செல்லாம் நழுவி, வலைக்கண் ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாகக் கிடந்தது. இதற்கு இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்க வேண்டும். அப்பாவின் தடித்த விரல் அந்தச் சின்னக் கண்ணுக்குள் நுழையவில்லை. என் விரல் நுழைந்தது. அழகாக விழுந்த முதல் முடிச்சைப் பார்த்து எல்லோரும் மெச்ச, நானும் பூரித்துப்போனேன்.

"இந்த ஒரு வலைய மட்டும் முடிச்சிரு ளா."

அது முடிந்ததும் பாறையில் கிழிந்து வந்த வலை, பிறகு பெரியப்பா வலை. துவைத்த பையில் அம்மா கருவாடு கட்டிவைத்தாள். நைலானுக்கு வெயில் ஆகாதென்று என்னைக் கொட்டகைக்குள் உட்கார்த்தினார்கள். ஒருநாள் துணிந்து, "அப்பா, பள்ளிக்கூடம்?" என்றேன்.

"பட்டை வேலைதான் தீந்துட்டுல்லா, இப்ப நெழல்ல உக்காந்துதான வேல பாக்க?" என்றார், சிரித்த முகமாகவே. அம்மா அடுத்த நூல்கண்டைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள்.

இன்றைக்கு வலையெல்லாம் மெஷினில் முடைந்தே வருகிறது. அந்தக் கொப்பரையும் வாடையும் போன இடம் தெரியாது. நைலான்தான் துறைமுகத்தில் கப்பலைக் கட்டுகிற வடத்திலிருந்து பல்துலக்குகிற பிரஷ் வரைக்கும் எங்கும் இருக்கிறது. மெஷினுக்குள் சுற்றுகிற பல்சக்கரம்கூட அதில் செய்கிறார்களாம்.

போன வாரம் ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். நூல் ஓடி ஓடி வழுவழுத்த என் விரல் எதையும் மெஷின் ஏற்கவில்லை. பின்னால் வரிசை நெளிந்தது. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் தம்பி" என்றேன், தணிந்த குரலில்.

"கையெழுத்தெல்லாம் எடுக்காது ஆச்சி, இது விரலத்தான் கேக்கும்" என்றான் கடைக்காரத் தம்பி.

அப்பா கேட்டதும் அதைத்தான்.