மார்கழியில் ஏசி

அரியலூர் டாக்சி ஸ்டாண்டில் அப்போது நின்ற பதினோரு கார்களில் ஏசி இருந்தது ஒன்றில்தான். அது என் மாமாவுடையது. வண்டி ஏசிதானா என்று கேட்பவர்களுக்கு மாமா வாயால் பதில் சொல்வதில்லை. முன்கதவைத் திறந்து, குளிர்ந்த காற்றை அவர்கள் முகத்தில் படவிடுவார். அம்மாவின் ஒரே தம்பியான அவருக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு இடங்களில் பெண் பார்த்து நான்கையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தை பிறப்பதற்குள் அவராக ஒரு முடிவுக்கு வராவிட்டால் உடையார்பாளையத்துப் பெண்ணைப் பேசி முடித்துவிடுவதாக அம்மா கெடு வைத்திருந்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மாமா காரைக் கழுவியதோடு நிற்கவில்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து, ஸ்பேனர்களோடு ஒரு தாம்பாளத்தில் பரப்பினார். சந்தனம், குங்குமம் வைப்பது என் பொறுப்பு. நாலாம் வகுப்பில் இருந்த நான் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. தாம்பாளத்தில் கிடந்த ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் பொட்டு வைத்தேன். பிறகு திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் வைத்தேன். பூஜை முடிந்ததும் மாமா எல்லாவற்றையும் அப்படியே எடுத்து மாட்டினார். வைத்த பொட்டை அழிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பத்து நாள் கழித்து ஏசி நின்றது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. ஊரில் வயரிங் கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் அவை சிமென்ட் லாரிகளையே பார்த்துப் பழகியவை. ஒருவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். இன்னொருவர் கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார். ஜெயங்கொண்டத்தில் ஒரு கடை இருப்பதாக மூன்றாமவர் சொல்ல, ஒரு சனிக்கிழமை மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

கடைக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வயரைத் தொடுவதில்லை. பார்த்தது அவர் மகள், பாலிடெக்னிக் படித்த அக்கா. சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, டெஸ்ட் லேம்புடன் வந்தாள். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் ஊசி. அவ்வளவுதான் கருவி. ஃபியூஸைத் தொட்டாள், பல்பு எரிந்தது. கம்ப்ரசருக்குப் போகும் வயரைத் தொட்டாள், அங்கும் எரிந்தது.

"அப்ப கம்ப்ரசர்தான் போச்சுங்களா?" என்றார் மாமா.

"அதுக்குள்ள கொள்ளி வச்சிடாதீங்க. கரண்ட் வர்ற வழி நல்லாத்தான் இருக்கு. திரும்பிப் போற வழியப் பாக்கணும்."

கிளிப்பை பேட்டரியின் பிளஸில் மாற்றிக் கவ்வவிட்டு, எர்த் வயரின் முனையைத் தொட்டாள். பல்பு அணையப்போகும் கங்கு மாதிரி மங்கலாகச் சிவந்தது. போல்ட்டைக் கழற்றினாள். வயரின் வளையத்துக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே சந்தனமும் குங்குமமும் பிஸ்கட் போல இறுகிக் கிடந்தன. நகத்தால் பெயர்த்து மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்கு யாருங்க பொட்டு வச்சது?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தாங்க."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமாங்க."

"நல்ல பக்திதாங்க."

உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் கம்ப்ரசர் டக்கென்று பிடித்தது, குளிர் வந்தது. என் குற்றத்தை மாமா ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்ட பின் ஏன் வீடுவரை சிரித்துக்கொண்டே ஓட்டினார் என்று எனக்குத் தெரியவில்லை. வழியில் உடையார்பாளையம் வந்தபோது மட்டும் வேகத்தைக் கூட்டினார்.

அதற்குப் பிறகு ஏசி அடிக்கடி கெட்டது. கார்த்திகையில் இரண்டு முறை, மார்கழியில் ஒரு முறை. எல்லாம் சனிக்கிழமைகளில், எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து. மார்கழிக் குளிரில் கண்ணாடியை இறக்கினாலே பல் தந்தியடித்தது. அப்படியும் அந்த ஏசியை உடனே சரிசெய்தாக வேண்டும் என்று மாமா அடம்பிடித்தார்.

அந்த மார்கழிச் சனிக்கிழமைதான் நான் கவனித்தேன். ஜெயங்கொண்டத்துக்கு முன்னால் முந்திரித் தோப்போரம் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்குக்கு அடியில் கைவிட்டு எதையோ பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கால் உள்ள சின்ன நீல ஃபியூஸ். முதல் தடவை வந்தபோது அக்கா ஊசியால் தொட்டுப் பார்த்தது இதைத்தான்.

கடையில் அக்கா ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஒரு இடம் காலியாக இருந்தது. அதை அவள் பார்த்ததை நான் பார்த்தேன். மூடிவிட்டு முன்னால் வந்து, பானட்டுக்குள் குனிந்தபடியே அப்பாவிடம், ரிலே கொஞ்சம் வீக்காக இருப்பதாகவும் அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

கடைக்காரர் தலையாட்டினார். "மார்கழியில ஏசி ரிப்பேருக்கு வர்ற வண்டி இந்தச் சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதாம்மா."

படித்த அக்கா தப்பாகச் சொல்லலாமா? நான் அவர் நாற்காலியருகே போய் நின்றேன்.

"தாத்தா, ரிலே நல்லாத்தான் இருக்கு. ஃபியூஸ் எங்க மாமா சட்டப் பையில இருக்கு."

அக்கா பானட்டுக்குள் மேலும் குனிந்துகொண்டாள். மாமா ரோட்டில் போன கும்பகோணம் பஸ்ஸை முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல்வரை பார்த்தார். கடைக்காரர் உள்ளங்கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் மாமா ஃபியூஸை எடுத்து அதில் வைத்தார். அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா வூட்ல இருக்காங்களா பாப்பா?"

"இருக்காங்க."

"தை பொறந்து மொத வெள்ளிக்கெழம அவங்கள கூட்டிட்டு வரச் சொல்லு உங்க மாமாவ. ஃபியூஸ மாட்டிக்கிட்டே வரச் சொல்லு."

அடி நிச்சயம் என்று நினைத்தபடி திரும்பினேன். மாமா உடையார்பாளையத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு இரண்டு கிரீம் பன் வாங்கிக் கொடுத்தார்.

தை வெள்ளியன்று அம்மா பட்டுப்புடவை கட்டி, மடியில் பழத்தட்டு வைத்து, முழு வேகத்தில் ஓடிய ஏசியில் நடுங்கிக்கொண்டே வந்தார். கடைக்காரர் வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். அக்கா அன்று அப்பாவின் சட்டையைப் போட்டிருக்கவில்லை. உள்ளே பாயில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் வெளியே காரின் பக்கத்தில் காவல் நின்றேன். இவ்வளவு தூரம் வந்தும் ஒருவர்கூட பானட்டைத் திறந்து அந்த ரிலேவைப் பார்க்கவில்லை. வந்த வேலையை விட்டுவிட்டு எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கேசரி சாப்பிடுகிறார்களே என்று எனக்கு ஒரே கோபம்.